கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்

தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், லிஃப்டை ஒட்டிய அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். தமிழில் எம்.ஏ. படித்து, பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் நான். மருத்துவமனையில் உனக்கு என்ன வேலை என்று உறவினர்கள் கேட்பார்கள். அங்கே மனநல மருத்துவர் ஒருவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். உயிரை விட முயன்று, பிழைத்து, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு யாராவது தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தால் அது அவர்களுக்கு உதவுகிறதா என்று பார்ப்பதுதான் அது. வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் ரொம்பக் கஷ்டம் என்பார் டாக்டர். அந்த வாரங்களில் குறித்த நாளில் போன் செய்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். உபதேசம் கிடையாது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இருந்த கேள்வித்தாளைத் தமிழாக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு மாத வேலை என்றுதான் போனேன். முடித்துக் கொடுத்த அன்று, "போன் பண்றதையும் நீங்களே செய்யுங்களேன். உங்க குரல்ல அவசரம் இல்ல" என்றார் டாக்டர். தங்கிவிட்டேன்.

அந்தத் தாளில் எல்லாக் கேள்விகளும் ஒரு கேள்வியை நோக்கித்தான் போகும். அதை நான், "கடந்த இரண்டு வாரங்களில் தங்களுக்குத் தற்கொலை எண்ணம் ஏற்பட்டதுண்டா?" என்று எழுதியிருந்தேன். அதில் சந்திப் பிழைகூடக் கிடையாது. ஆனால் அச்சிடுமுன் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. அப்படி வந்தவர்களில் ஒருவர் வையம்பட்டிப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடலைக் காட்டு வேலை, நாலு ஆடு, இரண்டு பிள்ளைகள். இரண்டு மாதம் முன்பு எங்கள் மருத்துவமனையில்தான் பிழைத்திருந்தார். டாக்டரைப் பார்க்க வந்தவர், சம்மதித்து என் எதிரே உட்கார்ந்தார்.

கேள்வியைப் படித்தேன். "இல்லீங்க" என்றார், யோசிக்காமல். நான் கட்டத்தில் டிக் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க எழுதினீங்க?"

"இல்லன்னு சொன்னீங்கல்ல, அதைத்தான்."

"அப்படிக் கேட்டா இல்லன்னுதாங்க வரும். ஸ்டேஷன்ல கேக்குற மாதிரியே இருக்கு."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "வேற எப்படிக் கேக்கலாம்? நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணுதான்னு கேளுங்க. அதுக்கு முந்தி கொஞ்ச நேரம் வேற ஏதாச்சும் பேசுங்க. கேட்டதும் அந்தப் பேனாவைக் கீழ வச்சிருங்க. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிடுறீங்க. கேட்டா உக்காந்திருக்கணுங்க."

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். அவர் சொன்ன வார்த்தைகளாலேயே கேட்டேன். லிஃப்ட் இரண்டு தடவை வந்து போயிற்று. அதன்பிறகுதான் அவர் பேசினார்.

"போன வாரம் தோணுச்சு. வீட்டுல சொல்லல. இப்ப இல்லீங்க."

அந்த வாரம் நடந்ததை முக்கால் மணி நேரம் சொன்னார். அன்றே டாக்டரையும் பார்க்க வைத்தேன். போகும்போது வாசலில் திரும்பி, "போன் வருங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

கேள்வி மாறியது. டாக்டர் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டார். போன் செய்யும் எங்கள் எல்லோருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுத்தார். கேட்பதால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று எங்களுக்கெல்லாம் ஒரு பயம் இருந்தது. அப்படி ஆவதில்லை, கேட்டால் பலருக்குப் பாரம்தான் குறைகிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். சொல்லி எனக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. போனின் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும். அதன்பின் வருவதுதான் பேச்சு.

இவ்வளவும் தெரிந்த நான் என் அண்ணாவை ஆறு மாதம் கேட்கவில்லை.

அண்ணா ஸ்ரீரங்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. சித்திரை மாதம் அவருக்குக் காதில் இரைச்சல் ஆரம்பித்தது. குக்கர் விசில் போடுவதற்கு முன் உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதுபோல, இடைவிடாமல், இரண்டு காதிலும். வெளியே ஒன்றும் இருக்காது; அவருக்கு மட்டும் கேட்கும். தூக்கம் போயிற்று. வகுப்பில் பையன்கள் கேட்பது சரியாக விழவில்லை. கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருபது வருடமாக நின்றவர், சுருதி சேரவில்லை என்று அதையும் விட்டார். காது டாக்டர் ஒருவரிடம் போனார். அவர் பரிசோதித்துவிட்டு, "இதுக்கு மருந்து கிடையாது சார். பழகிக்கணும்" என்று சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாராம். அந்த ஒரு வாக்கியத்தை அண்ணா வீட்டுக்குக் கொண்டுவந்து, அதோடேயே குடியிருந்தார்.

எங்கள் வீட்டு வழக்கப்படி நாங்களும் ஏதேதோ சொன்னோம். பெருமாள் திருவுள்ளம் இருந்தால் சரியாகிவிடும் என்றாள் மன்னி, அண்ணாவின் மனைவி. நல்லெண்ணெய் தேய்த்துக் குளி என்றேன் நான். முன்பின் அறியாதவர்களிடம் தினமும் கேட்ட கேள்வி, சொந்த அண்ணாவிடம் வாயில் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். மன்னி, தான் வேலை பார்க்கும் ஸ்கூல் ஆபீசிலிருந்து போன் செய்தாள்.

"ஒரு நல்ல சேதி சொல்லலாம்னு கூப்பிட்டேன். உங்கண்ணா ரெண்டு நாளா ரொம்ப சாந்தமா இருக்கார். காதைப் பத்திப் பேச்சே இல்லை. நேத்திக்கு என்னை உக்காத்தி வெச்சு கேஸ் புக் பண்றது, மோட்டார் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடறது, பாஸ்வேர்டு, எல்லாம் சொல்லிக் குடுத்தார். நோட்ல எழுதியும் வெச்சுட்டார்."

"எதுக்குன்னு கேட்டேளா மன்னி?"

"தெரிஞ்சுண்டா நல்லதுதானேன்னார். நல்லதுதானே?"

திடீரென்று வரும் இந்தச் சாந்தமும், எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் எதன் அறிகுறி என்று டாக்டர் பயிற்சியில் சொல்லியிருந்தார். "நல்லதுதான் மன்னி. அண்ணா இன்னிக்கு ஆத்துலயா இருக்கான்?" என்று மட்டும் கேட்டேன். லீவு போட்டு வீட்டில்தான் இருக்கிறார் என்றாள்.

அடுத்த அறையில் டாக்டர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் குரலில் அவசரம் இல்லை என்றவர் அன்று எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "உடனே போங்க. நேராக் கேளுங்க. போனைப் பக்கத்துலயே வச்சிருக்கேன்" என்றார்.

"என் அண்ணா டாக்டர்."

"அதனாலதாங்க நேராக் கேக்கச் சொல்றேன்."

ஆட்டோவில் ஏறியதும் அண்ணாவுக்குப் போன் செய்தேன். எடுக்கும்வரை என் பிராணன் என்னிடம் இல்லை. எடுத்தார். "தலை வலிக்கறது, அங்க வந்துண்டிருக்கேன். காபி போட்டு வெச்சிரு" என்றேன். "இந்த வேளையிலயா?" என்றார். "ஆமாம். நல்ல திக்கா" என்றேன். பாலைக் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, எனக்காகக் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். காவிரிப் பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் வண்டிகள் ஊர்ந்தன. ஆட்டோக்காரர், "பதட்டப்படாதீங்கம்மா, அஞ்சு நிமிஷத்துல போயிடலாங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணாதான் கதவைத் திறந்தார். கூடத்தில் ரேடியோ எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருந்தால் காதுக்குள் இருக்கும் சத்தம் கொஞ்சம் அமுங்கும் என்பார். காபி கொடுத்தார். சொன்னபடி திக்காகவே இருந்தது. ஆபீஸ் கதை பேசினேன். பாலத்தில் நின்ற லாரியைப் பற்றிப் பேசினேன். அவரும் ஏதோ கேட்டார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணறதா உனக்கு?"

அவர் காலண்டரைப் பார்த்தார். என் வாயில் மூன்று வாக்கியங்கள் முட்டிக்கொண்டு நின்றன. அப்படியெல்லாம் இருக்காது. மன்னியை நினைச்சுப் பாரு. பெருமாள் இருக்கார். மூன்றையும் விழுங்கினேன். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேடியோ இரைந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆடை படிந்த காபி முழுக்க ஆறிப்போயிருந்தது, அது நினைவிருக்கிறது.

"தோணறது" என்றார்.

"இப்பவும்?"

"இப்பவும்தான்."

"எப்போன்னு ஏதாவது நினைச்சிண்டிருக்கியா?"

"தீபாவளிக்குப் பையன் வரான். வந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன்."

எப்படி என்றும் கேட்டேன். அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மனதில் வைத்திருந்ததை அன்று பகலிலேயே வீட்டை விட்டு அப்புறப்படுத்தினேன், அது போதும்.

"சாகணும்னு ஆசை இல்லைடி. இந்தச் சத்தம் நிக்கணும். நிறுத்தறதுக்கு வேற வழி தெரியலை" என்றார். அண்ணா அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளில் கை வைத்தேனா என்று நினைவில்லை. வைத்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், "என்னமோ பசிக்கறது" என்றார். நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அடுக்களையில் ரசமும் சாதமும் இருந்தன. தட்டில் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். கேஸ் புக் பண்ணக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னேன். "அதுல மாட்டிண்டேனா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மன்னியை வரவழைத்தோம். அவளிடம் அண்ணாவே சொல்ல வேண்டும் என்றேன். சொன்னார். அவள் அழவில்லை. கோபப்பட்டாள். "ஆறு மாசமாப் பக்கத்துலதானே இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நோட்டுல எழுதி வெக்கத் தெரிஞ்சுது" என்றாள். அந்த நோட்டை எடுத்துப் பரண்மேல் வீசினாள். அப்புறம் அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் போனில், "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். பழைய வண்டி, சத்தம் காதைப் பிளந்தது. பாலம் தாண்டியதும் அண்ணா குனிந்து டிரைவரிடம், "கொஞ்சம் சுத்திப் போக முடியுமா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க சார்?"

"உங்க வண்டிச் சத்தத்துல என் காதுச் சத்தம் கேக்கலை. நன்னாயிருக்கு."

"சைலன்சர் மாத்தச் சொல்லி வீட்டுல ஒரு மாசமாத் திட்டு சார். நீங்கதான் மொத ஆளு நல்லாருக்குங்கிறது" என்றார் அவர். சுற்றித்தான் போனோம்.

டாக்டர் அண்ணாவிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டார். "இரைச்சல் முழுசாப் போயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க. ஆனா தூக்கம் வரும். மனச்சோர்வுக்கு மருந்து இருக்கு. அது குறைஞ்சா இரைச்சல் உங்களைப் படுத்துற பாடு பாதியாக் குறையும். பழகிக்கணும்னு உங்ககிட்ட சொன்னாங்களே, எப்படிப் பழகுறதுன்னு யாரும் சொல்லித் தரலை. அதைச் சொல்லித் தர ஆள் இருக்காங்க" என்றார். அண்ணா அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். காது கேட்காததால் அல்ல.

ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாம் நாள் காலை ஏழு மணி தாண்டியும் தூங்கினார். மன்னி எனக்குப் போன் செய்து, "எழுப்பட்டுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "எழுப்பினா அவ்வளவுதான்" என்றேன்.

வீட்டுக்குப் போகுமுன் ஒரு தாள் எழுதச் சொன்னார்கள். அந்த எண்ணம் வந்தால் முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, யாருக்குப் போன் செய்வது என்று அவரவர் கையெழுத்திலேயே எழுத வேண்டும். அண்ணா படி ஒன்று, படி இரண்டு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டார். மூன்றாம் படியில் ஆள் கிடைக்காவிட்டால் எந்தப் படிக்குப் போவது என்று தாளில் சொல்லவில்லையே என்று டாக்டரைக் கேட்டார். அவர் அந்த இடத்தைத் திருத்தினார். மாத்திரைகள் மன்னியின் பொறுப்பில் இருந்தன. சத்தத்தோடு வாழப் பழக்கித் தரும் நிபுணரிடம் வாரம் ஒரு முறை போனார்.

எல்லாம் அந்த வாரமே சரியாகிவிடவில்லை. மருந்து பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு எனக்கு அவரிடமிருந்து போன்.

"இன்னிக்கு வந்திருக்கு. வந்தா சொல்லணும்னு ஒப்பந்தம். சொல்லிட்டேன்."

"எங்க இருக்கே?"

"ஆத்துல தனியா. படி ரெண்டுல எழுதியிருக்கறபடி வெளியில கிளம்பணும். செருப்பு மாட்டிண்டிருக்கேன்."

போனை வைக்காமல் தெருமுனைக் காபிக் கடைவரை அவரோடு பேசிக்கொண்டே போனேன், தில்லை நகரில் நாற்காலியில் உட்கார்ந்தபடி. கடையில் வேலை செய்கிறவர், "வாங்க சார், ரொம்ப நாளாச்சு" என்றது எனக்கே கேட்டது. ஆபீஸ் போனில் மன்னிக்குச் சொன்னேன்; அவள் வரும்வரை அவர் அங்கேயே நின்று இரண்டு காபி குடித்தார். மன்னி வந்து, "டாக்டர்கிட்ட நாளைக்குப் போறோம், டயம் வாங்கிட்டேன்" என்று என்னிடம் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன். அடுத்த மேசையில் இருந்த பெண், "முகமெல்லாம் வேர்த்திருக்குங்க அக்கா" என்றாள். சொன்னாரே, செருப்பு மாட்டிக்கொண்டாரே என்ற நிம்மதியில் அவளிடமே ஒரு காபி வாங்கிவரச் சொன்னேன்.

தீபாவளிக்குப் பையன் வந்தான். அவனிடமும் அண்ணா சொன்னார். அவன் நாலு நாள் லீவைப் பத்து நாளாக்கினான். அவன் திரும்பிப் போன அன்று ரயில்வே ஸ்டேஷனுக்கு நானும் போனேன், அண்ணாவைப் பார்க்க. வண்டி கிளம்பியதும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னை வேவு பாக்கத்தானே வந்தே?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"நன்னாப் பாத்துக்கோ. சத்தம் இருக்கு. பத்துல நாலு பங்கு. மீதி ஆறு பங்குல பொங்கலுக்குக் கொல்லைச் சுவத்துக்கு வெள்ளை அடிக்கலாமான்னு யோசிச்சிண்டிருக்கேன்."

அண்ணாவை எங்கள் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாது. என் அண்ணா என்பதால் கூடாது, அவர் முயற்சி எதுவும் செய்யாததாலும் கூடாது. இதைச் சொன்னபோது, "அப்போ நான் எந்தக் கணக்குலயும் வர மாட்டேனா?" என்றார். வர மாட்டாய் என்றேன். ஆராய்ச்சியின் முடிவை டாக்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையல்ல. எனக்குத் தெரிந்தது, கூப்பிட்டபோது போனை எடுத்தவர்களின் குரல்கள் மட்டும்தான். வையம்பட்டிப் பெண் ஒவ்வொரு முறையும் எடுத்தார். கடைசி அழைப்பில், ஆடு குட்டி போட்டிருப்பதால் அவசரம், நாளைக்குப் பேசலாமா என்று கேட்டார். சரி என்று வைத்துவிட்டு, தாளில் அதையே அப்படியே எழுதினேன்.

இதை எழுதலாமா என்று அண்ணாவிடம் கேட்டேன். "எழுது. பேர் வேண்டாம். கணக்கு வாத்தியார்னு போட்டாப் போறும், ஸ்ரீரங்கத்துல நூறு பேர் இருக்கோம்" என்றார்.

போன வாரம் காலையில் அவரிடமிருந்து போன். ஹலோ கூடச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் காலை ஆறு மணிக்கே டிரில்லிங் மெஷினைப் போட்டுவிட்டார்களாம். மனுஷன் தூங்க வேண்டாமா, கேட்பார் இல்லையா, நேரே போய் நாலு வார்த்தை கேட்கப்போகிறேன் என்று கத்தினார். பின்னால் மன்னி, "மெதுவாப் பேசுங்கோளேன், தெருவே பாக்கறது" என்பது கேட்டது. அவர் இன்னும் கத்தினார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.